கேஸ் எங்கே போனது?

போன சித்திரையில் தேனியில் ஒரு கல்யாணம். முடித்துவிட்டுத் திரும்பும்போது காரில் ஏசி வெறும் காற்றைத்தான் ஊதியது. போடி தாண்டி ராசிங்காபுரம் வந்து சேர்வதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. மறுநாள் காலையிலேயே ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஒரு தம்பி பானட்டைத் தூக்கி, இரண்டு குழாய்களை மாட்டி, மீட்டரைப் பார்த்தார்.

"ஐயா, கேஸ் ரொம்பக் கம்மியா இருக்கு."

"சரி தம்பி, ஏத்திவிட்டுருங்க."

"அது சரி வராதுங்கய்யா. மொதல்ல லீக்கு எங்கன்னு பாக்கணும். லீக்க அடைக்காம ஏத்துனா காசும் போகும், கேஸும் போகும்."

நான் ஒன்றும் பேசவில்லை. என் பழைய நினைவு ஒன்று குறுக்கே வந்து நின்றதுதான் காரணம். இந்தப் பதிவு அதைப் பற்றியது.

1995-ல் பழைய கார் ஒன்று வாங்கினேன். அதில் ஏசி இருந்தது. எங்கள் தெருவில் அப்போது அது பெரிய விஷயம். 2001 வரை அந்த வண்டி என்னிடம் இருந்தது. ஒவ்வொரு வருஷமும் பங்குனி கடைசியில் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விடுவேன். அவர் ஸ்பேனரை எடுத்து ஒரு நட்டைத் தளர்த்துவார். 'புஸ்' என்று சத்தம் வரும். மிச்சமிருக்கும் பழைய கேஸ் முழுவதும் வெளியே போய்விடும். பிறகு சிலிண்டரை மாட்டிப் புதுக் கேஸ் ஏற்றுவார். எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதற்கு எடைக்கணக்கு கிடையாது. டிரையரின் தலையில் இருக்கும் சின்னக் கண்ணாடியில் நுரை ஓடுகிறதா என்று பார்ப்பார், குழாயைக் கையால் பிடித்துக் குளிர்ச்சியைப் பார்ப்பார். "போதும் சார், அடுத்த சித்திரை வரைக்கும் தாங்கும்" என்பார். அடுத்த சித்திரை வரை மட்டும்தான் தாங்கும்.

ஒரு தடவை கேட்டேன்: "வருஷா வருஷம் ஏத்துறோமே, அந்தக் கேஸெல்லாம் எங்கதான் போகுது?"

"காத்துல போயிருது சார். வேற எங்க போகும்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. காற்றில்தான் போனது. காற்றில் போனபிறகு அது என்ன செய்தது என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. தெரிந்துகொண்டபோது அந்த வண்டியை விற்றுப் பல வருஷம் ஆகியிருந்தது.

முதலில் ஏசி எப்படிக் குளிர்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மண்பானையில் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது? பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. கார் ஏசியும் அதே வேலைதான் செய்கிறது. தண்ணீருக்குப் பதிலாக, பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து முப்பது டிகிரியிலேயே கொதித்துவிடும் ஒரு திரவம். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலில் அது ஆவியாகி, காருக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. என்ஜின் பெல்ட்டால் சுற்றும் கம்ப்ரசர் அந்த ஆவியை அமுக்கி, முன்னால் இருக்கும் கண்டென்சருக்குத் தள்ளுகிறது. அங்கே சூட்டை வெளியே விட்டுவிட்டு அது மறுபடி திரவமாகிறது. திரும்பத் திரும்ப இதே சுற்று. போடிமெட்டு ஏறும்போது நம் டிரைவர்கள் ஏசியை அணைப்பது இதனால்தான். கம்ப்ரசர் சுற்றுவதற்கான பலத்தையும் என்ஜின்தான் கொடுக்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, கேஸ் செலவாகும் பொருள் அல்ல என்பதுதான். பெட்ரோல் எரிந்து தீர்கிறது. கேஸ் எரிவதில்லை, தேய்வதில்லை. குறைந்திருக்கிறது என்றால் வெளியே போயிருக்கிறது என்று அர்த்தம். வீட்டு ஃபிரிட்ஜில் எல்லாம் செப்புக் குழாயில் வைத்துப் பற்றவைத்திருப்பதால் இருபது வருஷம் அப்படியே இருக்கும். காரில் அப்படி முடியாது. என்ஜின் ஆடும், ரோடு தூக்கிப் போடும். அதனால் ரப்பர் ஹோஸ், ரப்பர் வளையம், சுற்றும் தண்டுக்கு ஒரு சீல் என்று வைத்திருக்கிறார்கள். கசிவு அங்கேதான் ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் ஏசியைப் போடாமலே வைத்திருந்தால், ஆயில் போய்ச் சேராமல் சீல் காய்ந்து இன்னும் சீக்கிரம் கசியும்.

இனி அந்தக் கேஸின் கதை.

1920-களில் குளிர்சாதனப் பெட்டிகளில் அமோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு ஆகியவற்றைத்தான் பயன்படுத்தினார்கள். கசிந்தால் உயிரையே வாங்கிவிடும் சரக்கு. ஆபத்தில்லாத ஒன்று வேண்டும் என்று அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் தேடியது. தாமஸ் மிட்ஜ்லி என்ற பொறியாளரும் அவருடைய சகாக்களும் 1928-ல் குளோரின், ஃபுளோரின், கார்பன் மூன்றும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருளைக் கண்டுபிடித்தார்கள். தீப்பிடிக்காது, விஷமில்லை, வாசனையும் இல்லை. 1930-ல் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் மிட்ஜ்லி அதை மூச்சில் இழுத்து, எரியும் மெழுகுவர்த்தி மேல் ஊதி அணைத்துக் காட்டினார். அதுதான் ஃப்ரியான் என்று கடைக்கு வந்தது. மெக்கானிக்குகள் ஆர்-12 என்பார்கள். விஞ்ஞானிகள் அந்தக் குடும்பத்தையே சிஎஃப்சி என்பார்கள்.

காருக்குள் ஏசியை முதலில் கொண்டுவந்தது அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம். 1939-ல் சிகாகோ கண்காட்சியில் காட்டியது. டிக்கியில் பாதி இடம் அதற்கே போய்விட்டது. நிறுத்துவதென்றால் என்ஜினை அணைத்து, இறங்கிப் பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! இரண்டே வருஷத்தில் கைவிட்டார்கள். 1950-களில் கருவி சிறிதாகி முன்பக்கத்துக்கு வந்தபிறகுதான் அமெரிக்காவில் ஏசி கார்கள் பெருகின.

நம் நாட்டில் கதை மெதுவாக நகர்ந்தது. அம்பாசடரிலும் பத்மினியிலும் முக்கோணக் கண்ணாடியைத் திருப்பிவைத்துக் காற்று வாங்கிய தலைமுறை நாம். 1985-ல் ஜப்பானியத் தொழில்நுட்பத்தோடு சுப்ரோஸ் நிறுவனம் கார் ஏசி செய்யத் தொடங்கியது. தொண்ணூறுகளில் ஏலக்காய் வியாபாரிகள், டாக்டர்கள் என்று ஒவ்வொருவராக ஏசி கார் வாங்கினார்கள். அந்த வண்டிகளில் பெரும்பாலும் இருந்தது ஆர்-12. லீக் பார்ப்பதற்கு அந்நாளில் ஒரு விளக்கு இருந்தது. குழாய் ஓரமாக அதைக் கொண்டுபோனால், கேஸ் கசியும் இடத்தில் சுவாலை பச்சையாக மாறும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்தக் கேஸ் நெருப்பில் பட்டால் பாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

நான் மெக்கானிக்கிடம் கேட்ட கேள்வியை எனக்கு முப்பது வருஷம் முன்பே ஒருவர் வேலையாகவே செய்திருக்கிறார். அவர் நம் மதுரையில் பிறந்தவர். பெயர் வீரபத்திரன் ராமநாதன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1965-ல் பொறியியல் பட்டம் வாங்கினார். செகந்திராபாத்தில் குளிர்சாதனப் பெட்டி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கே அவருக்குக் கொடுத்த வேலை, பெட்டியிலிருந்து கேஸ் ஏன் இவ்வளவு சீக்கிரம் கசிந்து போகிறது என்று கண்டுபிடிப்பது. அந்த வேலையில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்து படித்து, 1970-ல் அமெரிக்கா போனார். அங்கே அவருடைய பேராசிரியர் வெள்ளி, செவ்வாய்க் கிரகங்களின் காற்றுமண்டலத்தை ஆராயப் போக, இவரும் அந்தப் பக்கம் திரும்பினார்.

1974-ல் கலிபோர்னியாவில் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்ற இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சிஎஃப்சி கீழே எதோடும் வினைபுரியாது. அதனால்தான் அது பத்திரமானது என்று நினைத்தோம். ஆனால் அதே காரணத்தால் அது அழியாமல் மேலே மேலே போகிறது. ஓசோன் படலத்தின் உயரத்துக்குப் போனதும் புறஊதாக் கதிர் பட்டு உடைகிறது. அதிலிருந்து பிரியும் ஒரு குளோரின் அணு, ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகள் வரை சிதைக்கும். இதுதான் அவர்கள் சொன்னது. இருபது வருஷம் கழித்து, 1995-ல், இதற்காக நோபல் பரிசு கிடைத்தது.

இந்தச் செய்தி ராமநாதன் காதுக்கும் எட்டியது. செகந்திராபாத்தில் தான் துரத்திய அதே கேஸ்! அது காற்றில் இருக்கும்போது பூமியின் சூட்டை என்ன செய்கிறது என்று அவர் கணக்குப் போட்டார். 1975-ல் 'சயின்ஸ்' இதழில் முடிவு வந்தது. ஒரு சிஎஃப்சி மூலக்கூறு, பத்தாயிரம் கரியமில வாயு மூலக்கூறுகளுக்கும் மேலான அளவுக்குச் சூட்டைப் பிடித்துவைக்கிறது. புவி சூடாவதற்குக் கரியமில வாயு மட்டும்தான் காரணம் என்று இருந்த எண்ணத்தை மாற்றியது அந்தக் கட்டுரை. கேஸ் ஏன் கசிகிறது என்று ஆராயப் போன மதுரைக்காரர், அது எங்கே போய் என்ன செய்கிறது என்பதில் பாதியைச் சொல்லிவிட்டார்.

மறு பாதிக்குச் சாட்சி தென்துருவத்திலிருந்து வந்தது. அதற்கு முன் நம் பக்கத்து மலையைப் பற்றி ஒரு வார்த்தை. 1957-ல் உலக நாடுகள் சேர்ந்து பூமியை அளக்கும் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கின. கொடைக்கானல் வானாய்வகத்தில் டாப்சன் கருவி கொண்டு ஓசோனை அளப்பது அந்த வருஷத்தில்தான் ஆரம்பமானது. அதே ஆய்வின் பகுதியாக, அண்டார்க்டிகாவில் ஹேலி என்ற பிரிட்டிஷ் நிலையத்திலும் டாப்சன் கருவியை வைத்து அளந்துவந்தார்கள். 1985-ல் ஹேலியின் கணக்கைப் புரட்டிய ஜோசப் ஃபார்மனும் இரண்டு சகாக்களும், அங்கே வசந்த காலத்தில் ஓசோன் பெருமளவு குறைந்துபோவதைக் கண்டு வெளியிட்டார்கள். ஓட்டை விழுந்தது நம் தலைக்கு மேலே அல்ல. ஆனால் கேஸுக்கு ஊர் எல்லை கிடையாது. போடியில் 'புஸ்' என்று விட்டதும் உலகக் காற்றோடுதான் கலக்கிறது.

1987 செப்டம்பர் 16-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்தியா உடனே சேரவில்லை. சிஎஃப்சியை டன் டன்னாகப் பயன்படுத்தியவை பணக்கார நாடுகள். நம் மக்கள் அப்போதுதான் ஃபிரிட்ஜ் வாங்கவே ஆரம்பித்திருந்தார்கள். அவர்கள் கெடுத்ததற்கு நாம் ஏன் செலவழிக்க வேண்டும்? நியாயமான கேள்வி. 1990-ல் லண்டன் கூட்டத்தில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் மேனகா காந்தி இதை உறுதியாக எழுப்பினார். வளரும் நாடுகள் மாறுவதற்கான செலவை ஏற்க ஒரு நிதி உருவானது. அதற்குப் பிறகு 1992 ஜூனில் இந்தியா ஒப்பந்தத்தில் சேர்ந்தது.

இந்தியாவில் சிஎஃப்சி தயாரித்தவை நான்கு நிறுவனங்கள். குஜராத்தில் இரண்டு, ராஜஸ்தானில் ஒன்று, நான்காவது நம் மேட்டூரில் இருக்கும் கெம்ப்ளாஸ்ட் சன்மார். காவிரித் தண்ணீரைத் தேக்கிய அதே ஊரில்தான் தமிழ்நாட்டின் குளிர்சாதனக் கேஸும் உருவானது. உற்பத்தியைப் படிப்படியாக நிறுத்துவதற்காக இந்த நான்குக்கும் சேர்த்து 8 கோடியே 20 லட்சம் டாலர் தர 1999 நவம்பரில் முடிவானது. 2000 ஜூலையில் மத்திய அரசின் விதிகள் அமலுக்கு வந்தன. 2003 ஜனவரி 1 முதல் புதிய கருவிகளில் சிஎஃப்சி கூடாது என்றானது. 2010 ஜனவரி 1 வரை அவகாசம் இருந்தும், ஆஸ்துமா நோயாளிகளின் இன்ஹேலருக்கான அளவைத் தவிர, 2008 ஆகஸ்ட் 1-ஆம் தேதியே இந்தியா சிஎஃப்சி உற்பத்தியை நிறுத்தியது. கெடுவுக்குப் பதினேழு மாதம் முன்பே. அரசு வேலை குறித்த நாளுக்கு முன்னால் முடிந்தது என்று நாம் சொல்லிக்கொள்ளக் கிடைப்பது அபூர்வம். இது அப்படி ஒன்று.

கார்களில் அதன் இடத்துக்கு வந்தது ஆர்-134ஏ. அதில் குளோரின் இல்லை, ஓசோனைத் தொடாது. சின்ன ஊர் மெக்கானிக்குகளுக்குத்தான் சங்கடம். பழைய கேஸுக்கான ஆயில் புதுக் கேஸோடு கலக்காது. தெரியாமல் பழைய வண்டியில் புதுக் கேஸை மட்டும் ஏற்றியவர்களின் கம்ப்ரசர் ஆயில் ஓட்டமில்லாமல் இறுகிப்போனது. தவறாக மாட்டிவிடக் கூடாது என்று வாய்ப்பூட்டின் அமைப்பையே மாற்றினார்கள். வேக்வம் பம்ப் இல்லாமல் வேலை செய்யக் கூடாது என்றும் பயிற்சிகளில் சொன்னார்கள். உள்ளே ஈரம் இருந்தால் அது வால்வில் உறைந்து அடைக்கும், அமிலமாகிக் காயிலை அரிக்கும். காற்றை முழுக்க உறிஞ்சிவிட்டால் அந்த ஈரம் சாதாரணச் சூட்டிலேயே கொதித்து ஆவியாகி வெளியே வந்துவிடும். மலையுச்சியில் தண்ணீர் சீக்கிரம் கொதிப்பது நமக்குத் தெரியும். அதே கணக்குதான்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காது என்பது உண்மை. ஆனால் ராமநாதன் காட்டிய அந்த இரண்டாவது குற்றம் இதற்கும் உண்டு. எடைக்கு எடை பார்த்தால் கரியமில வாயுவைப் போல் 1,430 மடங்கு சூடாக்கும். ஆர்-12 சுமார் 10,900 மடங்கு. அதனால் 2016 அக்டோபரில் ருவாண்டாவின் கிகாலி நகரில் மறுபடி கூடி, இந்தக் கேஸ்களையும் குறைப்பதென்று முடிவெடுத்தார்கள். இந்தியா 2021-ல் ஏற்றுக்கொண்டது. 2032-ல் குறைக்கத் தொடங்கி 2047-க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும். ஐரோப்பாவில் 2017 முதல் எல்லாப் புதுக் கார்களிலும் ஆர்-134ஏ கூடாது. ஆர்-1234ஒய்எஃப் என்ற, சூடாக்கும் குணம் மிகக் குறைந்த கேஸ் வந்துவிட்டது. நம் ஊரில் ஓடும் கார்களில் பெரும்பாலும் இன்னும் ஆர்-134ஏ தான்.

இப்போது என் கணக்கைச் சொல்கிறேன். பழைய காரில் வருஷத்துக்கு அரைக் கிலோ என்று வைத்தாலும், ஆறு வருஷத்தில் மூன்று கிலோ ஆர்-12 காற்றில் விட்டிருக்கிறேன். அது முப்பத்திரண்டு டன்னுக்கு மேல் கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வரும். அந்த ஆறு வருஷத்தில் அந்தக் காரில் நான் எரித்த பெட்ரோல் நாலாயிரம் லிட்டர் இருக்கலாம். கணக்குப் போட்டால், மூன்று வேளை ஓட்டியதைவிட, வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு நட்டைத் தளர்த்தியதுதான் மூன்று மடங்கு அதிகக் கேடு செய்திருக்கிறது. ஆர்-12 காற்றில் நூறு வருஷம் போல நிற்கும். நான் விட்டது என் பேரப்பிள்ளைகள் கிழவர்களாகும்போதும் மேலே இருக்கும்.

2024 கோடையில் இடுக்கிப் பக்கம் ஏலத்தோட்டங்கள் வெயிலில் காய்ந்து போனதை நம்மில் பலர் நேரில் பார்த்தோம். நிழலும் ஈரமும் இல்லாமல் ஏலம் பிழைக்காது. அந்த வெயிலுக்கு என் மூன்று கிலோதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் என் பங்கு பூஜ்யம் என்றும் இனி சொல்ல முடியாது. மனசுக்கு ஆறுதலான செய்தியும் இருக்கிறது. உலகம் பூராவும் சிஎஃப்சியை நிறுத்தியதால் ஓசோன் படலம் தேறிவருகிறது. தென்துருவ ஓட்டையும் 2066 வாக்கில் 1980-ல் இருந்த நிலைக்குத் திரும்பும் என்று ஐ.நா. விஞ்ஞானிகள் மதிப்பிட்டிருக்கிறார்கள். எல்லா நாடுகளும் கையெழுத்துப் போட்டு, எல்லா நாடுகளும் பெருமளவு காப்பாற்றிய ஒப்பந்தம் அது.

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்புவோம். அந்தத் தம்பி மெஷினை மாட்டி, வண்டியில் மிச்சமிருந்த கேஸைச் சொட்டு விடாமல் உறிஞ்சி எடுத்தார். திரையில் 170 கிராம் என்று காட்டியது. பானட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த சீட்டில் 430 கிராம் என்று போட்டிருந்தது. 260 கிராம் போய்விட்டது. அது மட்டும், மதுரைக்குப் பன்னிரண்டு தடவை போய்வரும் பெட்ரோல் புகைக்குச் சமம். பிறகு நைட்ரஜனை ஏற்றி, இணைப்புகளில் எல்லாம் சோப்பு நுரையைத் தடவினார். கண்டென்சர் பக்கம் ஒரு மூட்டில் குமிழ் குமிழாக வந்தது. கழற்றிப் பார்த்தால், உள்ளே இருந்த ரப்பர் வளையம் வெடித்துப்போயிருந்தது. சுண்டுவிரல் மோதிரத்தைவிடச் சின்னது. முழு வேலையில் அதன் விலைதான் ஆகக் குறைவு. அதை மாற்றி, அரை மணி நேரம் வேக்வம் வைத்து, முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்து, 430 கிராம் எடை போட்டு ஏற்றினார்.

ஏசி வைத்திருக்கும் நண்பர்கள் இனி ஒர்க்‌ஷாப்பில் மூன்று விஷயம் கேளுங்கள். பழைய கேஸை மெஷினில் எடுப்பீர்களா? லீக் எங்கே என்று பார்ப்பீர்களா? எடை போட்டு ஏற்றுவீர்களா? மூன்றுக்கும் ஆமாம் என்று சொல்லும் கடையில் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கலாம். சீல் காயாமல் இருக்க, மழைக்காலத்திலும் வாரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் ஏசியை ஓடவிடுங்கள்.

கிளம்பும்போது அந்தத் தம்பி வெடித்த வளையத்தை என் கையில் வைத்து, "இதாங்கய்யா உங்க லீக்கு" என்றார். வீட்டு மேசை டிராயரில் போட்டு வைத்திருக்கிறேன்.